நாலாம் பக்கத்துக்காரர்

தம்பி, அந்த ஜன்னல் சீட்லயா உக்காரப் போறீங்க? உக்காருங்க, உக்காருங்க. நான் ஒண்ணும் சொல்லல. சீட்டுன்னா உக்காரத்தானே. அந்தத் தாள் மேல மட்டும் உக்காந்துடாதீங்க. இப்படி ஓரமா நகர்த்தி வைங்க. மடிக்க வேணாம், இருந்தபடியே நகர்த்துங்க. அவ்வளவுதான். ரொம்ப சந்தோஷம்.

திருச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீங்க. பூதலூர் வந்தா சொல்லுங்க, நான் இறங்கணும். ஸ்டேஷன் தெரியாம கேக்கல. தலைமயிர் கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து இந்த வண்டியில சீசன் டிக்கெட்ல போய்க்கிட்டிருக்கேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன் எந்த ஸ்டேஷன்னு. ஆனா ஒரு தடவைகூட பூதலூர்ல இறங்கினதில்ல. இன்னைக்கு இறங்கணும். இறங்கியே ஆகணும். ஆபீசுக்கு லீவு சொல்லியாச்சு. பாருங்க, வேட்டி கட்டியிருக்கேன். பையில ஆப்பிள், மாதுளை, ஊதுபத்தி, எல்லாம் இருக்கு. அங்க ஒரு அம்மா எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு வருஷம் பூரா காத்துக்கிட்டிருக்காங்க. நான் பாட்டுக்குப் பேச்சுல உக்காந்துட்டேன்னா, தோளைத் தட்டி, 'சார், இறங்குங்க'ன்னு சொல்லிடுங்க. சொல்வீங்கல்ல?

என்ன, போன்லயே பேப்பரா? சரிதான். இப்ப எல்லாரும் அப்படித்தான். கட்டை விரலால தள்ளிக்கிட்டே போறீங்க. எதைப் படிச்சோம், எதை விட்டோம்னு ஒரு கணக்கு உண்டா? பேப்பர்னா பிரிக்கணும் தம்பி. சத்தம் வரணும். மை விரல்ல ஒட்டணும்.

பேப்பர் படிக்கிறவங்களை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ஒருத்தன் எந்தப் பக்கத்தை முதல்ல பிரிக்கிறான்னு மட்டும் சொல்லுங்க, அவன் ஜாதகத்தையே எழுதிக் கையில குடுத்துடறேன். கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறானா, வீட்ல அவன் பேச்சு எடுபடாது. சினிமா விளம்பரம் பாக்கறவன் எந்தப் படத்துக்கும் போகமாட்டான், சும்மா பார்த்துக்கிட்டே இருப்பான். எச்சில் தொட்டுப் புரட்டறவனுக்கு வீட்ல தனி டம்ளர். அடுத்தவன் தோளுக்கு மேல எட்டிப் படிக்கிறான் பாருங்க, அவனுக்காக நாம திருப்பாம காத்துக்கிட்டிருந்தா, 'ம், திருப்புங்க'ன்னு நமக்கே உத்தரவு போடுவான். பஜ்ஜி மடிச்சுக் குடுத்த தாளைப் பிரிச்சு, எண்ணெய்ல நனைஞ்ச செய்தியைப் படிச்சுட்டு, 'மீதித் தாள் இருக்கா?'ன்னு கடைக்காரன்கிட்டயே கேட்டவனை நான் பார்த்திருக்கேன். எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் உண்டு. வரி விடாம படிச்சு முடிச்சு, அழகா மடிச்சு நீட்டி, 'ச்சே, பேப்பர்ல ஒண்ணுமே இல்ல சார்'ம்பான். அவன் அரசாங்க உத்தியோகஸ்தன். நானே அந்த வகைதான். பொதுப்பணித்துறையில சூப்பிரண்டு. சிரிங்க, பரவாயில்ல.

எங்க கோஷ்டி இதே பெட்டியில, இதே சீட்டுலதான் வரும். தஞ்சாவூர் ஸ்டேஷன் கடையில பேப்பர் வாங்கறது நான். வண்டி கிளம்பினதும் மடியில போட்டு, நடு மடிப்புல ஸ்கேலை வச்சு ஒரு இழு. தனித்தனித் தாளா வந்துடும். தலைக்கு ஒரு தாள். முதல் தாள் பாய்க்கு. பாலக்கரையில இரும்புக் கடையில கணக்கு எழுதறவர். தலைப்பைச் சத்தமா வாசிச்சுட்டு, 'நான் அப்பவே சொன்னேன்ல'ம்பார். எப்பச் சொன்னார், யார்கிட்டச் சொன்னார், ஆண்டவனுக்கே வெளிச்சம். கடைசித் தாள் ஜெகதீசனுக்கு. பேங்க்ல வேலை. ராத்திரி கண் முழிச்சு மேட்ச் பார்த்திருப்பான், தோத்தது தெரியும். இருந்தாலும் காலையில பேப்பர்ல பார்த்து, அப்பத்தான் தோத்த மாதிரி தொடையில அடிச்சுக்குவான். ராசிபலன் டீச்சரம்மாவுக்கு. 'எனக்கு இதுல நம்பிக்கையே கிடையாது'ன்னுட்டு எங்க எல்லாருக்கும் ராசி ராசியா வாசிப்பாங்க. சந்திராஷ்டமம்னா அன்னைக்கு ஜெகதீசனைப் படிக்கட்டுப் பக்கமே விடமாட்டாங்க. தலையங்கம் எனக்கு. பின்ன? யாராவது ஒருத்தர் நாட்டைப் பத்திக் கவலைப்படணுமில்ல?

இதுல ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஒரு தடவை பாய்க்கும் ஜெகதீசனுக்கும் சண்டை வந்து தாள் குறுக்கே கிழிஞ்சு போச்சு. அன்னைக்குப் போட்ட சட்டம். அவங்கவங்க தாளை அவங்கவங்கதான் முதல்ல படிக்கணும். உரியவர் படிச்சு முடிச்சு தானா நீட்டினா வாங்கிக்கலாம். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. சட்டம்னு ஒண்ணு இல்லேன்னா கூட்டம் கூட்டமா இருக்குமா, சொல்லுங்க?

நாலாம் பக்கம் அவருக்கு.

பூதலூர்ல ஏறுவார். ஒரு கையில டிபன் கேரியர், ஒரு கையில குடை. மழைக்காலம், வெயில்காலம்னு கிடையாது, குடை இருக்கும். இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான் உக்காருவார். திருவெறும்பூர்ல இறங்கிடுவார். பேரு? பேரு யாருக்குத் தெரியும்? நாலாம் பக்கத்துக்காரர்னா அவர்தான். கூப்பிட்டா திரும்புவார். அப்புறம் பேர் எதுக்கு?

நாலாம் பக்கம்னா எங்க பேப்பர்ல செத்தவங்க பக்கம். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, கருமாதி அழைப்பு, காணவில்லை, எல்லாம் அங்கதான். மனுஷன் ஒவ்வொரு போட்டோவா பார்ப்பார். 'பாவம், சின்ன வயசு', 'இவங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கும் போலருக்கு'ன்னு தனக்குள்ளயே சொல்லிக்குவார். நான் தினமும் கேப்பேன், 'என்ன சார், நம்ம பேர் வந்திருக்கா?'ன்னு. அவரும் தினமும், 'இன்னைக்கு இல்ல சார்'ம்பார். எல்லாரும் சிரிப்போம். பழைய தமாஷ்தான், அரைச்ச மாவுதான், ஆனா அது இல்லேன்னா வண்டி ஓடாத மாதிரி இருக்கும்.

ஒரு குறை அவர்கிட்ட. ஒரு தாளைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவர் பூதலூர்லேர்ந்து திருவெறும்பூர் வரைக்கும் அந்த ஒரே பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். கண்ணு தாள்ல இருக்கும், காது எங்க பேச்சுல இருக்கும். டீச்சரம்மா ஏதாவது சொன்னா தாளை இறக்கிட்டுக் கேப்பார். பாய் வீட்டு விஷயம் பேசினாலும் கேப்பார். நானே கண்டிச்சிருக்கேன், 'சார், கையில பேப்பர் இருந்தா படிக்கணும்'னு. 'ஆமா சார், ஆமா சார்'னு தாளைத் தூக்கிக்குவார்.

ஆலக்குடி தாண்டியாச்சா? அடுத்தது பூதலூர்தான். சரி, நேரம் இருக்கு. கிராசிங் இருந்தா இன்னும் நேரமாகும்.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் கண்டு கொஞ்ச நாள் வரல. திரும்பி வந்ததும் முதல் கேள்வி, 'வராத நாளோட நாலாம் பக்கமெல்லாம் இருக்கா சார்?' நல்லவேளை, பையில வச்சிருந்தேன். ஒண்ணு விடாம, தேதி வாரியா அடுக்கிப் படிச்சார். செத்தவங்க ஓடியா போயிடப் போறாங்கன்னு ஜெகதீசன் சிரிச்சான். அதுலேர்ந்து அவர் வரலேன்னா அவர் தாளை நான் பிரிக்காம, கசங்காம எடுத்து வைக்கிறது வழக்கம். அதுல எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

அந்தக் கடைசி நாளும் எல்லா நாள் மாதிரிதான். ஏறினார், உக்காந்தார், தாளை வாங்கினார். நான் கேட்டேன், அவர் 'இன்னைக்கு இல்ல சார்'னார். நான் தலையங்கத்துக்குள்ள போயிட்டேன். நிதிநிலைமையைப் பத்தியோ, நதிநீரைப் பத்தியோ, ஏதோ கனமான விஷயம். கொஞ்ச நேரம் கழிச்சு, 'சார், ஒரு விஷயம்'னார். நான் நிமிரல. விரலைக் காட்டி, 'இருங்க, ஒரு பாரா பாக்கி'ன்னேன். இருந்தார். அப்புறம், 'சார்'னார். 'அட, இருங்க சார்!'னேன். திருவெறும்பூர் வந்துச்சு. தாளை மடிச்சு சீட்ல வச்சுட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கிட்டு, 'வரேன் சார்'னுட்டு இறங்கிட்டார்.

நீங்களே சொல்லுங்க தம்பி. தலையங்கத்தைப் பாதியில விட்டா மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும். அது என்ன ராசிபலனா, விட்ட இடத்துலேர்ந்து எடுக்க? மறுநாள் சொல்லியிருக்கலாமே. நாளைக்கு வண்டி இல்லையா, பேப்பர் இல்லையா?

மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. காய்ச்சலா இருக்கும்னு தாளை எடுத்துப் பையில வச்சேன். ஒரு வாரம் போச்சு. டீச்சரம்மாதான் ஆரம்பிச்சாங்க, 'சார், யாராவது போய் விசாரிக்கலாமே'ன்னு. நான் சொன்னேன், 'யாரைன்னு விசாரிக்கிறதும்மா? பூதலூர்ல இறங்கி, நாலாம் பக்கம் படிக்கிறவர் வீடு எதுன்னு கேக்கவா?' எல்லாரும் சிரிச்சுட்டாங்க. டீச்சரம்மா மட்டும் சிரிக்கல. பஸ்ல போறாரோ என்னமோன்னான் ஜெகதீசன். எனக்கு உள்ளுக்குள்ள கோபம். நான் 'இருங்க'ன்னு சொன்னதுக்கு ரோஷப்பட்டுக்கிட்டுப் பெட்டி மாறிட்டார்னு நினைச்சேன். வரட்டும், வந்தா நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னு தாளைச் சேர்த்து வச்சுக்கிட்டே வந்தேன். கோபம் இருந்தாலும் தாள் ஒண்ணுகூட விடல. அதையும் சொல்லணும்ல?

அப்புறம் ஒரு நாள் பூதலூர்ல அந்தப் பொண்ணு ஏறுச்சு. செந்தாமரைன்னு பேரு. நெத்தியில பொட்டு இல்ல. நேரா எங்ககிட்ட வந்து, எங்க கையில இருந்த தாளையெல்லாம் பார்த்துட்டு, 'அப்பா சொல்ற பேப்பர்காரங்க நீங்கதானே?'ன்னு கேட்டுச்சு. யாரும்மா உங்கப்பான்னு நான் கேட்டேன். 'மாசிலாமணி'ன்னுச்சு. எனக்கு அப்படி யாரையும் தெரியாதேம்மான்னேன். சத்தியமா தெரியாது தம்பி. அப்புறம் அந்தப் பொண்ணு இந்த சீட்டைப் பார்த்துச்சு. 'குடை வச்சிருப்பாங்க'ன்னுச்சு.

எல்லாத்தையும் அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியும். திருவெறும்பூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்டா இருந்திருக்கார். அந்தக் கடைசி நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபியைக் கையில வாங்கினவர் குடிக்கல. அப்படியே சாஞ்சுட்டார். எங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு வீட்ல யோசிச்சிருக்காங்க. போன் நம்பர் இல்ல, விலாசம் இல்ல. அந்தப் பொண்ணுதான், 'எதுக்குக் கவலைப்படறீங்க, அவங்க எல்லாரும் தினமும் பேப்பர் படிக்கிறவங்க, நாலாம் பக்கத்துல போட்டா பார்த்துட்டு வந்துடுவாங்க'ன்னு சொல்லியிருக்கு. போட்டிருக்காங்க. இதே பேப்பர்ல. போட்டோவோட. பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களுக்குன்னு தனியா இலை போட்டு வச்சுக்கிட்டு, அந்த அம்மா மத்தவங்க யாரையும் அங்க உக்கார விடலையாம். சாயங்காலம் வரைக்கும் அந்த இலை அப்படியே கிடந்திருக்கு.

நான் பையை அவுத்தேன். தாள் எல்லாம் இருந்துச்சு. அந்தப் பொண்ணே தேடி எடுத்துச்சு. அவர் போட்டோ. மீசையெல்லாம் வச்சு, கல்யாணத்தப்ப எடுத்தது போலருக்கு. அன்னைக்கே பேப்பர்ல பார்த்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது. அவருக்குன்னு எடுத்து வச்ச தாள்லயே அவர் இருந்திருக்கார். என் பையிலயே. நான் அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு தினமும் ஆபீசுக்குப் போய்ட்டு வந்திருக்கேன். அந்தப் பொண்ணு தாளைத் தடவிப் பார்த்துட்டு, 'கசங்காம வச்சிருக்கீங்க சார்'னுச்சு. திட்டியிருந்தா தேவலை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்துச்சு. அன்னைக்குக் காலையில வீட்லேர்ந்து கிளம்பறப்ப, 'இன்னைக்கு சார்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்'னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருக்கார். என்ன விஷயம்னு அந்த அம்மா கேட்டதுக்கு, 'வந்து சொல்றேன்'னுட்டார். வந்தவர்தான் சொல்லாமயே போயிட்டாரே. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா, ஏதாவது கவலையா, ஆசையா, ஒண்ணும் தெரியல. அந்த அம்மாவுக்குத் தூக்கமே இல்லையாம். 'அப்பா உங்ககிட்ட என்ன சொன்னாங்க சார்?'

பாய் என்னைப் பார்த்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்தாங்க. ஜெகதீசன் பார்த்தான். எல்லாரும்தானே அன்னைக்கு உக்காந்திருந்தாங்க? எல்லார் கையிலயும்தானே தாள் இருந்துச்சு? குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு என்னை மட்டும் பாக்கறாங்க. நான் சொன்னேன், 'நேர்ல வந்து அம்மாகிட்டயே சொல்றேம்மா. அதான் முறை.' அந்தப் பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டுட்டு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுச்சு.

போகலை. என்னத்தைச் சொல்லிப் போறது?

கோஷ்டி அதோட கலைஞ்சு போச்சு தம்பி. டீச்சரம்மா லேடீஸ் பெட்டிக்குப் போயிட்டாங்க. பாய் பஸ்ஸுன்னுட்டார். ஜெகதீசன் கொஞ்ச நாள் வந்தான், தாளை வாங்காம போனையே பார்த்துக்கிட்டு வந்தான், அப்புறம் அவனும் காணோம். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு பாரா படிச்சேன். அவ்வளவுதானே? நான் மட்டும் இன்னும் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வச்சுக் கிழிச்சு, அவங்கவங்க சீட்ல அவங்கவங்க தாளைப் போட்டு வைக்கிறேன். யாராவது உக்கார வந்தா மத்ததையெல்லாம் எடுத்துடுவேன். அந்த ஒண்ணை மட்டும் எடுக்க மனசு வராது.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நீங்க படிச்ச பிள்ளை, சிரிக்க மாட்டீங்க. பூதலூர்ல வண்டி நின்னு கிளம்பும் பாருங்க, பிளாட்பாரம் தாண்டினதும் எனக்கு இடது காதுல கேக்கும். 'சார், ஒரு விஷயம்.' மிரட்டற குரல் இல்ல. படிக்கிறவனைத் தொந்தரவு பண்றோமேன்னு கூச்சப்பட்டுக் கூப்பிடுவாங்களே, அந்தக் குரல். முதல் தடவை நான் எதிர்ல இருந்த ஆளைப் பார்த்தேன், அவர் தூங்கிக்கிட்டிருந்தார். பெட்டி மாறிப் பார்த்தேன். அங்கயும் வந்துச்சு. வண்டியே வேணாம்னு பஸ்ல போனேன். பஸ் பூதலூர் பக்கமே போகாது. செங்கிப்பட்டி தாண்டினதும், அதே குரல், அதே காது. பஸ்ல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கற மாதிரி, 'சொல்லுங்க சார்!'னு கத்திட்டேன். தன்னைத்தான் கூப்பிட்டேன்னு நினைச்சு, 'எங்க இறங்கணும்?'னு கண்டக்டர் கேட்டார்.

இப்பெல்லாம் கத்தறதில்ல. குரல் வந்ததும் பேப்பரை மடியில இறக்கி வச்சுட்டு, மெதுவா, 'சொல்லுங்க சார், இப்பச் சொல்லுங்க, நான் ஒண்ணும் படிக்கல'ங்கறேன். அதோட சரி. அப்புறம் ஒண்ணும் வராது. தண்டவாளச் சத்தம்தான். திருவெறும்பூர் வரைக்கும் காத்துக்கிட்டிருப்பேன். அந்தத் தாளை நான் மூணாம் பக்கம் மேல இருக்கிற மாதிரிதான் வைப்பேன். திருவெறும்பூர்ல பார்த்தா நாலாம் பக்கம் மேல இருக்கும். ஃபேன் காத்துதான். எனக்குத் தெரியாதா? ஃபேன் ஓடாத அன்னைக்கும் காத்து ஜன்னல்லேர்ந்து வருமில்ல?

தலையங்கம் படிச்சு வருஷமாச்சு. முதல் வரி ஓடும், ரெண்டாவது வரிக்குள்ள காது இழுத்துக்கும். அன்னைக்கு அப்படி விழுந்து விழுந்து படிச்சேனே, அதுல ஒரு வரி ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. ஒரு வரி இல்ல. வீட்ல சொன்னா, 'காது டாக்டர்கிட்ட காட்டுங்க'ங்கறா என் பொண்டாட்டி.

போன வாரம் வண்டி பூதலூர்ல நிக்குது, ஜன்னல்கிட்ட அந்தப் பொண்ணு. 'சார், வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வருஷ தெவசம். இந்தத் தடவை பேப்பர்ல போடல. நேர்லயே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அம்மா இன்னும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க'ன்னுச்சு. வரேம்மா, கண்டிப்பா வரேன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து அந்தக் குரல் வரல தம்பி. ஒரு நாள்கூட வரல. நான் போகப் போறேன்னு தெரிஞ்சு நிம்மதியாயிட்டார் போலருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். போய் அந்த அம்மாகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடணும். 'ஏதோ சொல்ல வந்தாரும்மா, நான் கேக்கல'ன்னு. ஒரு வாக்கியம்தானே? குளிக்கிறப்ப சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன். நல்லாத்தான் வருது.

என்னது? பூதலூரா? அதுக்குள்ளயா? தட்டாதீங்க தம்பி, தெரியுது, எனக்குத் தெரியுது. செருப்பைக் காணோம். இருங்க, இறங்கறவங்க இறங்கட்டும்.

ஐயோ, அந்தப் பொண்ணு நிக்குது. அதோ, பெஞ்சுக்குப் பக்கத்துல. பெட்டி பெட்டியா எட்டிப் பார்த்துக்கிட்டு வருது. தம்பி, அந்தப் பேப்பரைக் குடுங்க. சீக்கிரம். எந்தத் தாளா இருந்தா என்ன, குடுங்க! நீங்க போனைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க. எங்கிட்டப் பேசாதீங்க. சித்த நேரம்தான் நிக்கும், கிளம்பிடும்.

...

கிளம்பிருச்சா? பிளாட்பாரம் தாண்டிருச்சா?

உங்களுக்குக் கேட்டுச்சா தம்பி? போன் ஒயரைக் காதுல மாட்டிக்கிட்டீங்களே, கேட்டிருக்காது. அந்தப் பொண்ணு நேரா இந்த ஜன்னலுக்குத்தான் வந்துச்சு. இந்தப் பெட்டியில பேப்பர் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவன் நான் ஒருத்தன்தானே. மூஞ்சியை மறைக்கப் போய் அதுவே காட்டிக் குடுத்துருச்சு. தாளுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பேசுது. 'சார், இறங்க முடியலேன்னா பரவாயில்ல. அப்பா என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அம்மா விடியக்காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கிறாங்க.'

நான் தாளை இறக்கல. இறக்க முடியல தம்பி. கண்ணாடி முன்னால அவ்வளவு நல்லா வந்துச்சு, அந்தப் பொண்ணு குரலைக் கேட்டதும் எங்க போச்சுன்னே தெரியல. தாளுக்குப் பின்னால இருந்துக்கிட்டே வாயில வந்ததைச் சொன்னேன். 'பையனைப் பத்தித்தாம்மா சொன்னார். தம்பியை எப்படியாவது படிக்க வச்சு ஆளாக்கிடணும், அதான் என் ஆசைன்னு சொன்னார்மா'ன்னேன். ஒரு அப்பன் வேற என்னத்தைச் சொல்லியிருப்பான்? எல்லா அப்பனும் அதைத்தானே சொல்லுவான்?

போயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா, 'எனக்குத் தம்பி கிடையாது சார். அண்ணனும் கிடையாது. நான் ஒருத்திதான்'னுச்சு. கோபமாச் சொல்லல. வழி தெரியாம நிக்கிறவனுக்கு வழி சொல்ற மாதிரி சொல்லுச்சு. 'சரி சார், அம்மாகிட்ட நான் ஏதாவது நல்லபடியாச் சொல்லிக்கிறேன்'னுச்சு. வண்டி நகர்ந்துருச்சு. கூடவே நடந்து வருது. 'சார், டீச்சரம்மாவுக்கு முட்டிவலி இப்பத் தேவலையா? அம்மா கேக்கச் சொன்னாங்க. அப்பா கொண்டாந்து குடுத்தாங்களே, அந்தத் தைலம், இன்னும் வேணும்னா காய்ச்சித் தரேன்னாங்க'ன்னுச்சு.

முட்டிவலியா? டீச்சரம்மாவுக்கா? இதோ, இந்த எதிர் சீட்டு தம்பி. முட்டியும் முட்டியும் இடிச்சுக்கிற தூரம். எத்தனை வருஷம் உக்காந்து வந்தாங்க. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே தம்பி.